எல்லா வண்டிக்கும் எட்டு

துபாய் கராமாவில் உங்களுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கிவிட்டு, தோசை சாப்பிட்டு, கார் லிஃப்ட்டில் அபுதாபிக்குத் திரும்பினோமே, அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். பஸ்ஸில் இடம் கிடைக்காமல், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு ஏற்றிவரும் ஒருவரின் சொந்த வண்டியில் வந்தோம். கடைசி வரிசையில் இருந்த சின்னவன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அதற்கு நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். "என்னத்துக்கு இப்புடி சிரிக்கிறீங்க, வண்டிக்காரரு ஒரு மாதிரி பாக்குறாரு" என்று அம்மா தொடையைக் கிள்ளினாள். நான் காரணம் சொல்லவில்லை. எதையோ மறைக்கிறேன் என்று அவளுக்கு இன்றைக்கும் ஓர் எண்ணம். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சொல்ல, நீங்கள் மூவரும் இந்த ஊருக்கு வருவதற்கு முந்தைய கோடைக்குப் போக வேண்டும். அதனால் எழுதுகிறேன். பத்தாவதோடு நிறுத்தியவன் எழுத்து, அப்படியே படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் அபுதாபியை ஒட்டி கராஜும் பட்டறையுமாக இருக்கும் முசஃபாவில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டியது லாரி, விசாவில் எழுதியிருந்தது லேபர். லேபர் விசாக்காரன் குடும்பத்தைக் கொண்டுவர முடியாது. இதை நான் போனில் எத்தனை தரம் சொல்லியும் உங்கள் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "பக்கத்து வீட்டுக்காரரு கொண்டுபோயிட்டாரே, ஒங்களுக்கு மட்டும் என்ன சட்டம்?" என்பாள். பிறகு, "வேற ஏதும் காரணம் இருந்தா சொல்லிடுங்க" என்பாள். நானூறு மைலோ நாலாயிரம் மைலோ, அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு சந்தேகம் வந்தால் அதைத் துடைக்க ஒரு வழியும் கிடையாது.

அந்த வருஷம் முசஃபாவில் ஒரு பெரிய கராஜை ஓர் அமெரிக்கக் கார் கம்பெனி கோடைக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தது. இன்னும் சந்தைக்கு வராத வண்டியை இங்கே கொண்டுவந்து வெயிலில் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். அதற்கு டிரைவர்கள் வேண்டும் என்று எங்கள் கம்பெனியிடம் கேட்டார்கள். என்னையும் அனுப்பினார்கள். எங்களுக்கு சூப்பர்வைசராக இருந்தவர் திருச்சூர்க்காரர்; சேட்டா என்று கூப்பிடுவோம். முதல் நாளே சொல்லிவிட்டார்: "நன்னாயிட்டு வேலை செய்தால் கராஜில் ஸ்திரமாயிட்டு எடுக்கும். விசாவில் டெக்னீஷியன்னு மாத்தும். கொழப்பம் உண்டாக்கினா, திரும்பத் தண்ணி லாரி." டெக்னீஷியன் என்று மாறினால் உங்களைக் கொண்டுவர மனுப் போடலாம். எனக்கு அந்தக் கோடையில் வேறு எதுவும் காதில் விழவில்லை.

நாங்கள் மூன்று டிரைவர்கள். ஒருவர் காயல்பட்டினத்துப் பாய். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், ஓர் அரபி வீட்டில் வெகுகாலம் வீட்டு டிரைவராக இருந்தவர். என்னை மாப்ள என்பார். இன்னொருவர் பாகிஸ்தானில் பெஷாவர் பக்கத்துப் பதான்; பட்டாணி என்போம். பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். வண்டியும் மூன்று. புதிய அமெரிக்க வண்டி ஒன்று. அதற்குப் போட்டியாக, கடையில் காசு கொடுத்து வாங்கிய ஜப்பான் வண்டி ஒன்று, கொரியா வண்டி ஒன்று. மூன்றும் மூன்று வரிசை சீட்டு வைத்த பெரிய குடும்ப வண்டிகள்.

அமெரிக்க வண்டியை மட்டும் யாரும் அடையாளம் காணக்கூடாது என்று முன்னும் பின்னும் கறுப்பு ரெக்ஸின் வைத்து மூடி, உள்ளே ஸ்பஞ்சு வைத்து உப்பவைத்திருந்தார்கள். லைட் இருக்கிற இடத்தில் மட்டும் ஓட்டை. பாய் அதற்குப் புதுப்பொண்ணு என்று பெயர் வைத்தார். "முக்காட்ட எடுக்கவே மாட்டேங்குதே, மாப்ள. மூஞ்சி நல்லாருந்தா இந்நேரம் காட்டிருக்க மாட்டானுவளா?" என்பார். காலையில் கராஜுக்குள் போகும்போது எங்கள் போனை வாங்கிப் பார்த்து, கேமரா இருந்தால் அதன் கண்ணில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சாயங்காலம் ஸ்டிக்கர் கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெட்ரோல் பம்பில் யாராவது இது எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்டால் "மாஃபி மாலும்", தெரியாது என்று மட்டும் சொல்ல வேண்டும். நம்பவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவன் சொல்ல முடியாது. நாங்களும் அவர்களை நம்பவில்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கராஜுக்குள் நான் முதலில் பார்த்தது என்னை அதிரவைத்தது. இன்னொரு ஜப்பான் வண்டியைக் கதவு, சீட்டு, ஏசி குழாய் என்று அக்கக்காகக் கழற்றி, வெள்ளைத் துணி விரித்து வரிசையாக வைத்திருந்தார்கள். ஓட்டிப் பார்த்த வண்டி இல்லை, பிரித்துப் பார்க்கவே வாங்கிய வண்டி.

"காப்பி அடிக்க வந்திருக்கானுவ" என்றார் பாய் என் காதில்.

சேட்டாவிடம் மெல்லக் கேட்டேன். அவர் சிரித்தார். "ஜப்பான்காரன் இவன்ட வண்டியை இப்போ எவிடெயோ இதுபோல அழிச்சு இட்டிருக்கும். எல்லாரும் எல்லார்ட வண்டியையும் அழிக்கும். பின்னே எப்படி ஜெயிக்கும்?" அழிப்பது என்றால் அவர் பாஷையில் பிரித்துப் போடுவது.

முசஃபா கராஜ்களில் அன்றைக்கு இருந்த பேச்சு இதுதான்: அமெரிக்கக்காரன் என்ஜினும் ஏசியும் தாராளமாகப் போடுவான், ஆனால் உள்ளே தட்டிப் பார்த்தால் பிஸ்கட் டப்பா சத்தம் வரும். ஜப்பான்காரன் ஆடம்பரம் காட்ட மாட்டான், ஆனால் பழசாகி விற்கும்போதும் வாங்க ஆள் நிற்கும். கொரியாவை நாங்கள் மதித்ததே இல்லை, டாக்ஸிக்கு ஆகும் என்பதோடு சரி. அந்த வருஷத்துக் கொரியா வண்டியில் முதல்முறை உட்கார்ந்தபோது பாய் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தார். "இவன் யாருக்கும் தெரியாம எங்கியோ டியூசன் போயிட்டு வந்திருக்கான், மாப்ள" என்றார்.

வேலை இப்படி. நடுப்பகலில் மூன்று வண்டியையும் கண்ணாடி ஏற்றி வெயிலில் நிறுத்துவோம். ஸ்டியரிங்கைத் தொட முடியாத அளவு கொதித்ததும் ஏறி ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு பாலைவனத்துக்குள் போகும் லிவா ரோட்டில் ஓட்ட வேண்டும். பின்னால் ஜீப்பில் சேட்டா ஓட்ட, அமெரிக்க என்ஜினியர் உட்கார்ந்து வருவார். ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளைப் புருவம், கழுத்தின் பின்பக்கம் மட்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருக்கும். நெட்டையர் என்போம். அவர் வாக்கி-டாக்கியில் கேட்பார்: எவ்வளவு சுகமாக இருக்கிறது, ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல். அப்புறம் வண்டியை ஓரம் கட்டி, என்ஜின் ஓடட்டும் என்று விட்டுவிட்டு, நாங்கள் பின்னால் போய்க் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். மறுபடி அதே கேள்வி. நாளுக்கொரு வண்டியாக மாற்றி ஓட்டுவோம்.

இதில்தான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. வண்டிக்குள் தலைக்குப் பக்கம், காலுக்குப் பக்கம், கூரையில் எல்லாம் ஒயர் தொங்கும். சூட்டை அளந்து லாப்டாப்பில் ஏற்றும் ஒயர்கள். எல்லாவற்றையும் லாப்டாப் சொல்லிவிடுகிறது. அப்புறம் எங்களிடம் ஏன் கேட்கிறார்?

பாய்க்கு அதில் கொஞ்சமும் ஐயமில்லை. "வண்டி செஞ்சவன் வந்து, வண்டி நல்லாருக்கான்னு டிரைவருட்ட கேக்குறான்னா, அவன் வண்டியப் பத்தி கேக்கல மாப்ள. ஒன்னப் பத்தி கேக்குறான்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. முன்பு நான் இருந்த லேபர் கேம்ப்பில் ஒருமுறை டை கட்டிய ஒருவர் வந்து ஏதாவது குறை உண்டா என்று கேட்டார். எல்லோரும் "நோ ப்ராப்ளம் சார்" என்றோம். ஒரு வெல்டர் மட்டும் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றார். அந்த மாதம் முடிவதற்குள் அவர் பெட்டி கட்டிவிட்டார். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் எல்லோரும் நம்பினோம். வளைகுடாவில் கேள்வி கேட்கிறவருக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை நாங்கள் அப்படித்தான் கற்றுக்கொண்டோம்.

ஆகவே பாய் யோசித்து ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்தார். பத்து என்றால் ஜால்ரா என்று நினைப்பான். ஆறு என்றால் குறை சொல்கிறவன் என்று நினைப்பான். எட்டு. வாக்கி-டாக்கியில் முதல் ஆளாக அவர் "எய்ட், சார்" என்பார். அடுத்து நான் "எய்ட், சார்". பட்டாணி சிரித்துக்கொண்டே "எய்ட், சாப்". அமெரிக்க வண்டிக்கு எட்டு, ஜப்பானுக்கு எட்டு, கொரியாவுக்கு எட்டு. முன்சீட்டுக்கு எட்டு, கடைசி வரிசைக்கு எட்டு. ஒருநாள் மணல்காற்றில் கொரியா வண்டியின் ஏசி சரியாக வேலைசெய்யாமல் பட்டாணி சட்டையைக் கழற்றிப் பிழிந்தார். அன்றும் எட்டு.

நெட்டையர் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு கேட்கும் வரிசையை மாற்றினார், என்னிடம் முதலில் கேட்டார். எட்டு. பட்டாணியிடம் முதலில் கேட்டார். எட்டு. ஒருநாள் சேட்டா எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். வெள்ளைக்காரரை அவர் சாயிப்பு என்பார். "சாயிப்பினு சம்சயம். நிங்கள் மூணுபேரும் கூடிப் பேசி ஏதோ செய்யுன்னுன்னு. ஜப்பான்காரன் காசு கொடுத்தோன்னு சோதிக்குன்னு."

"பாத்தியா?" என்றார் பாய் என்னிடம். "நாஞ் சொன்னேன்ல. அவன் சோதிக்கிறது நம்மள."

அன்றிலிருந்து என் தூக்கம் கெட்டது. ஏனென்றால் வாயால் எட்டு சொன்னோமே தவிர, மதியம் நாங்கள் செய்தது வேறு. லிவா ரோட்டில் ஒரு பழைய ஷெட்டின் நிழலில் நிறுத்துவோம். சோதனை வண்டிக்குள் சாப்பாடு கூடாது, மீன் வாசம் ஏறிவிடும். சுவரோரம் குந்தி உட்கார்ந்து பார்சலைத் தின்று, கை கழுவி, ஒரு வண்டியில் ஏறி ஏசியில் சாய்வோம். எந்த வண்டியில் என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. கால் தானாக ஜப்பான் வண்டிக்குப் போகும். அதில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் காற்று நேராக முகத்தில் அடிக்கும். புதுப்பொண்ணில் என்னதான் குளிர் இருந்தாலும் முன்னால் இருப்பவனுக்குத்தான். கடைசி வரிசைக்கு வந்துசேர்வதற்குள் காற்றுக்கு வயசாகிவிடும்.

ஒரு மதியம் நான் கண்ணைத் திறந்தபோது நெட்டையர் கண்ணாடிக்கு வெளியே நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைப் பிளந்து தூங்குகிற பாய், என் தோளில் பட்டாணி, நான். அவர் கையில் கேமரா. அந்தக் கூட்டத்திலேயே ஸ்டிக்கர் ஒட்டாத ஒரே கேமரா அது. படம் எடுத்துவிட்டுப் போனார்.

"முடிஞ்சுது" என்றேன். "அவரு சம்பளத்துல, அவரு டூட்டில, எதிரி வண்டில தூங்கிருக்கோம். இதைவிட என்ன சாட்சி வேணும்?"

பாய் தாடியைத் தடவினார். "நாளையிலேர்ந்து புதுப்பொண்ணுலதான் படுக்கை" என்றார்.

மறுநாள் மூவரும் புதுப்பொண்ணுக்குள் ஏறினோம். அவர் பார்க்க வேண்டும் என்பதற்காகக் கடைசி வரிசையில் பாயும் நானும், நடு வரிசையில் பின்பக்கம் திரும்பிப் பட்டாணி. ஏசி முழுதாக ஓடியும், கறுப்பு ரெக்ஸினும் ஸ்பஞ்சும் வெயிலை வாங்கி உள்ளே அனுப்பின. தூங்குவது மாதிரி நடித்தோம். வியர்வை காதுக்குள் இறங்கியது.

"யாரா, இது சஜா" என்றார் பட்டாணி. யாரா என்றால் நண்பா, சஜா என்றால் தண்டனை.

"சும்மா கெட. வர்றான்" என்றார் பாய்.

கதவு திறந்தது. நெட்டையர் எங்களைப் பார்த்தார். பிறகு உடம்பை மூன்றாக மடித்து, நடு சீட்டைத் தாண்டி, எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேருக்கான இடத்தில் மூன்றாவது ஆள். அவர் முழங்கால் அவர் தாடையைத் தொட்டது. கதவை மூடச் சொல்லிப் பட்டாணிக்குக் கை காட்டினார்.

அப்படியே உட்கார்ந்திருந்தோம். அவர் கழுத்தின் சிவப்பு மெல்ல முகத்துக்கு ஏறியது. வெள்ளைப் புருவத்தில் தண்ணீர் சேர்ந்து கண்ணுக்குள் சொட்டியது. துடைக்கக் கையை எடுக்கவும் இடமில்லை. எனக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அவர் மெதுவாகச் சொன்னது புரிந்தது. லாப்டாப்பில் இரண்டு வண்டிக்கும் சூடு ஏறக்குறைய ஒன்றுதானாம். அப்புறம் நீங்கள் ஏன் தினமும் அங்கே போனீர்கள், இன்றைக்கு ஏன் இங்கே வந்தீர்கள்?

அவர் நெளிந்து நெளிந்து இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கியை உருவி வழக்கம்போலக் கேட்டார். எண் என்ன?

"எய்ட், சார்" என்றார் பாய். சொல்லும்போதே அவர் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு நெட்டையரின் கால்சட்டையில் விழுந்தது. அதைப் பார்த்துப் பட்டாணி சிரிப்பை அடக்க முடியாமல் சீட்டுக்குப் பின்னால் மறைந்தார்.

அடுத்து நான். எனக்கு உங்கள் அம்மாவின் குரல்தான் கேட்டது, வேற ஏதும் காரணம் இருந்தா சொல்லிடுங்க என்று. எட்டு என்றால் இவர் நம்பப்போவதில்லை, நாங்கள் எதிரியின் ஆட்கள் என்று முடிவு கட்டுவார். குறைத்துச் சொன்னால் வெல்டர் போன வழி. இரண்டு பக்கமும் தண்ணீர் லாரிதான் நின்றது. வியர்த்து ஊற்றுகிற ஒருவன், வியர்த்து ஊற்றுகிற இன்னொருவனிடம், எட்டு என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

"ஃபோர்" என்றேன்.

வாக்கி-டாக்கி திறந்தே இருந்தது. ஜீப்பிலிருந்து சேட்டாவின் குரல் வெடித்தது. "ஆரா அது நாலுன்னு பறஞ்சது?"

"நான்தான், சேட்டா."

"இத்தனை நாள் எட்டு. இன்னைக்கு நாலோ? கெட்டது வண்டியா, நீயா?"

நெட்டையர் வாக்கி-டாக்கியை அணைத்தார். பாயைத் திரும்பிப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், போகிறதுதான் போகிறோம், சேர்ந்தே போவோம் என்பது மாதிரி ஏதோ இருந்தது.

"த்ரீ" என்றார் பாய். பிறகு தமிழும் ஆங்கிலமும் இந்தியும் கலந்து கொட்டினார். அவர் ஓட்டிய அரபி வீட்டில் கடைசி வரிசை குழந்தைகளுக்கும் வேலைக்காரப் பெண்ணுக்கும். முன்னால் முதலாளிக்குக் குளிரில் கைவிரல் விறைக்கும், பின்னால் குழந்தைகள் வாந்தி எடுக்கும். அதைக் கழுவுவது டிரைவர். "நான் கழுவிருக்கேன் சார், நான்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். சீட்டுக்குப் பின்னாலிருந்து பட்டாணி கையை மட்டும் தூக்கி இரண்டு விரல் காட்டினார்.

நெட்டையர் "தேங்க் யூ" என்றார். சிரிக்கவில்லை. இறங்கிப் போய் ஷெட்டின் சுவரில் சாய்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

அந்த வாரம் சோதனை நின்றது. கராஜில் கதவை மூடிக்கொண்டு பேசினார்கள். எங்களுக்கு வண்டி கழுவும் வேலை. வியாழக்கிழமை சேட்டா வந்து என்னை மட்டும் கூப்பிட்டார். "ஆபீஸில் உன் பாஸ்போர்ட் எடுத்து வச்சிருக்கு. வா."

இந்த ஊரில் கம்பெனி பாஸ்போர்ட்டை அலமாரியிலிருந்து வெளியே எடுத்தால் இரண்டே அர்த்தம். ஒன்று விசா மாறும், இல்லாவிட்டால் விசா ரத்து. நல்ல செய்திக்கு யாராவது முகத்தை அப்படி வைத்துக்கொள்வார்களா என்று சேட்டாவைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாய் பின்னாலிருந்து, "ஊருக்குப் போனா வீட்டுல சொல்லு, நான் சுகம்னு" என்றார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

ஆபீஸ் வாசலில் சேட்டா நின்றார். "நீ செய்ததறியோ? இத்தனை நாள் சொன்ன எட்டு எல்லாம் சாயிப்பு எடுத்துக் குப்பையில் இட்டு. ஆதியிலிருந்து திரும்பச் செய்யணுமாம். இனி குளிர்காலம் முடியும்வரை இவிடேதான், பின்னே அடுத்த கோடையும். புது டிரைவரை எடுத்துப் படிப்பிக்க எனக்கு நேரமில்லா." சொல்லிவிட்டு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். டெக்னீஷியன்.

நான் உண்மை சொன்னதற்காகக் கிடைத்தது என்று நீங்கள் நினைக்கக் கூடாது. அதற்கு முன் சொன்னதெல்லாம் எதற்கும் உதவாது என்று ஆனதால் வேலை நீண்டது. வேலை நீண்டதால் ஆள் தேவைப்பட்டது. நெட்டையர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அவர் எடுத்த அந்தப் படம் என்ன ஆனது என்றும் தெரியாது. இப்போதும் சில நேரம், எங்கோ ஒரு ஆபீஸ் சுவரில் பாய் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பாரோ என்று தோன்றும்.

அடுத்த வருஷம் நீங்கள் வந்தீர்கள். விமான நிலையத்தில் அம்மா என்னிடம் முதலில் சொன்னது, "நெசமாவே வேற காரணம் இல்லையா?" என்பதுதான்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கராமாவில் நமக்காக நின்ற வண்டியைப் பார்த்ததுமே நான் அதை ஒரு தரம் சுற்றிவந்தேன். ரெக்ஸின் இல்லாமல் அதன் முகத்தை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. ஆனால் பின்கதவின் வளைவும், கடைசி வரிசைக்குப் போக முழங்காலை மடக்க வேண்டிய விதமும் என் உடம்புக்குத் தெரியும். புதுப்பொண்ணு. உள்ளே ஏறியதும் முதலில் கூரையைப் பார்த்தேன். கடைசி வரிசைக்கு நேர் மேலே இரண்டு உருண்டையான காற்றுவழிகள். நாங்கள் ஓட்டிய வண்டியில் அவை கிடையாது.

நாங்கள் சொன்னதால் வந்ததா? பிரித்துப் போட்ட ஜப்பான் வண்டியைப் பார்த்து வந்ததா? முதலிலேயே வரைந்து வைத்திருந்து, செலவு செய்யலாமா என்று தெரிந்துகொள்ளத்தான் எங்களைக் கேட்டார்களா? ஒரு கம்பெனி டிரைவர் பேச்சைக் கேட்டுக் கூரையில் ஓட்டை போடும் என்று நம்புகிற அளவுக்கு நான் இன்னும் வரவில்லை. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கை விரலால் தட்டிப் பார்த்தேன். பிஸ்கட் டப்பா சத்தம் குறைந்திருந்தது. போகவில்லை, குறைந்திருந்தது.

ஜபல் அலி தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. பின்னால் திரும்பிச் சின்னவனிடம் கேட்டேன். "எப்படி இருக்கு, காத்து? ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லு."

சின்னவனே, நீ முதலில் என் முகத்தைப் பார்த்தாய். பிறகு அம்மா முகத்தைப் பார்த்தாய். பிறகு வண்டிக்காரரின் பின்தலையைப் பார்த்தாய்.

"எட்டு" என்றாய்.

உன் காதோரம் வியர்வை வழிந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே இருந்த காற்றுவழி மூடியிருந்தது. நான் சிரித்துக்கொண்டே எழுந்து, கையை நீட்டி, அதைத் திருகித் திறந்துவிட்டேன்.